அறிவிப்பாளரும் அணியும்: அமெரிக்கப் பழைமைவாத ஊடக விமர்சனம் பற்றிய ஒரு நோக்கு

செய்தி என்ன என்பதற்கு முன்னர், அதைக் கொண்டுவருபவர் யார் என்று கேட்பது இஸ்லாமிய அறிவு மரபின் அடிப்படைகளுள் ஒன்று. ஸூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு விசுவாசிகளைப் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தினருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாம் என்பதே அதற்குரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. ஹதீஸ் அறிஞர்கள் அறிவிப்பாளர்களை எடைபோடும் ‘ஜர்ஹ் வத் தஃதீல்’ எனும் தனிக்கலையை வளர்த்தெடுத்தது இத்தகைய வழிகாட்டலின் அடியாகவே. இதற்கு ஒப்பான வினாவை நவீன அமெரிக்காவில் உரத்து எழுப்பியவர்கள் பழைமைவாதிகள். அவ்வினா அவர்களது கையில் என்னவாயிற்று என்பது நாமும் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

1969 நவம்பர் 13ஆம் திகதி அயோவா மாநிலத்தில் உபஜனாதிபதி ஸ்பைரோ அக்நியூ ஆற்றிய உரை இப்போக்கில் ஒரு திருப்புமுனை. மக்களால் தெரிவுசெய்யப்படாத, வோஷிங்டனிலும் நியூயோர்க்கிலும் வாழும் சிறு குழுவினர், தொலைக்காட்சி வழியாக நாடு எதை அறியவேண்டும் எனத் தீர்மானிக்கின்றனர் என அவர் சாடினார். சர்ச்சைக்குரிய விவகாரங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்குமாறு ஒலி, ஒளிபரப்பாளர்களைப் பணித்து 1949 முதல் நடைமுறையிலிருந்த விதி, 1987இல் ரேகன் ஆட்சியில் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே ரஷ் லிம்போவின் வானொலி நிகழ்ச்சி நாடளாவிய ரீதியில் ஒலிக்கத் தொடங்கியது. 1996இல் ரூபர்ட் மேர்டொக், முன்னர் நிக்சனின் தேர்தல் பிரசாரத்தில் பணியாற்றிய ரொஜர் எய்ல்ஸைக் கொண்டு பொக்ஸ் நியூஸை ஆரம்பித்தார். ‘நியாயமும் சமநிலையும்’ என்பதே அதன் முழக்கமாக இருந்தது.

பழைமைவாதிகளின் முறைப்பாட்டை முற்றிலும் பொய்யென ஒதுக்கிவிட முடியாது. பெருநகரச் செய்தியாளர்கள் சமயப் பற்றுள்ள மக்களின் வாழ்வைப் புரிந்துகொள்ளாமலே எழுதினர் என்பது அதன் சாரம். அந்த அனுபவம் முஸ்லிம்களாகிய நமக்குப் புதியதன்று. பெரும் பத்திரிகைகள் தவறிழைக்கும் என்பதும் ஈராக் விவகாரத்தில் வெளிப்பட்டது. பேரழிவு ஆயுதங்கள் குறித்துத் தான் வெளியிட்ட செய்திகள் சில போதிய கண்டிப்புடன் பரிசீலிக்கப்படவில்லை என நியூயோர்க் டைம்ஸ் 2004 மே மாதத்தில் ஒப்புக்கொண்டது.

எனினும் அதே ஈராக் விவகாரத்திலேதான் பழைமைவாத விமர்சனத்தின் உரைகல் பழுதுபட்டதாகத் தெரிகிறது. 2002 செப்டெம்பர் 8ஆம் திகதி, ஈராக் அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றது பற்றி நியூயோர்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. அன்று காலையே உபஜனாதிபதி டிக் செய்னி தொலைக்காட்சியில் அச்செய்தியைத் தம் வாதத்துக்குத் துணையாக எடுத்துக் காட்டினார். ஆண்டாண்டாகப் பழைமைவாதிகளால் பழிக்கப்பட்டுவந்த பத்திரிகை, போருக்கு உதவியபோது சான்றாயிற்று. மறுபுறம், பெட் புகேனன், ரொபர்ட் நோவக் போன்ற பழைமைவாதிகள் சிலர் அப்போரைக் கேள்விக்குட்படுத்தினர். அவர்களுக்குக் கிடைத்தது என்ன? 2003இல் நேஷனல் ரிவியூ சஞ்சிகையில் டேவிட் ஃப்ரம் அவர்களைத் தேசப்பற்றற்றோர் எனச் சாடிக் கட்டுரை எழுதினார். சொல்வது மெய்யா என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, சொல்பவர் எவர் பக்கம் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

இதன் தீங்கு முஸ்லிம்களை நேரடியாகவே தொட்டது. 2015 ஜனவரியில், பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் முழுவதும் முஸ்லிம் நகரம், ஏனையோர் அங்கு செல்வதில்லை என பொக்ஸ் நியூஸில் ‘நிபுணர்’ ஒருவர் கூறினார். 2011 குடிசனக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே முஸ்லிம். அவர் மன்னிப்புக் கேட்டார். அலைவரிசையும் திருத்தம் வெளியிட்டது. அத்திருத்தத்தை நாம் நேர்மையுடன் பதிவுசெய்தாக வேண்டும். ஆயினும் ஓர் எளிய கணக்கைக்கூடப் பாராமல் அக்கூற்று ஒளிபரப்பானமை, கேட்க விரும்புவதைச் சொல்பவரிடம் ஆதாரம் கேட்கப்படுவதில்லை என்பதைக் காட்டியது.

2020 நவம்பரில் இப்போக்கு அதன் எல்லையைத் தொட்டது. தேர்தல் இரவன்று அரிசோனா மாநிலம் பைடனுக்கே என முதலில் அறிவித்தது பொக்ஸ் நியூஸ்தான். முடிவில் சுமார் 10,500 வாக்குகளால் அது உறுதியாயிற்று. ஆனால் சினங்கொண்ட பார்வையாளர் பலர் வேறு அலைவரிசைகளை நாடினர். அக்கணிப்பைப் பகிரங்கமாக நியாயப்படுத்திய கிறிஸ் ஸ்டைர்வோல்ட் 2021 ஜனவரியில் பணியிழந்தார். நிறுவனம் அதனை மறுசீரமைப்பு என்றது. இதனிடையே, டொமினியன் நிறுவனத்தின் இயந்திரங்கள் வாக்குகளைத் திருடின என்ற கதை திரையில் வலம் வந்தது. அதனைத் தொகுப்பாளர்கள் பலர் தனிப்பட்ட செய்திகளில் நம்பாதிருந்தமை பின்னர் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. ட்ரம்பின் கூற்றொன்றைச் சரிபார்த்து மறுத்த சக நிருபரைப் பணிநீக்கச் செய்யவேண்டும் என டக்கர் கார்ல்சன் எழுதியிருந்தார். நிறுவனத்தின் பங்கு விலை சரிவதே அவரது கவலை. டொமினியன் பற்றிய அக்கூற்றுக்கள் பொய்யென டெலவேர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்மானித்தது. ஏப்ரல் 18ஆம் திகதி பொக்ஸ் 78 கோடியே 75 இலட்சம் டொலர் வழங்க உடன்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இங்கு ஹதீஸ் கலை வரலாற்றின் இரு செய்திகளை அருகில் வைத்து நோக்குவோம். இமாம் புஹாரியின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனி (ரஹ்) அவர்களிடம் அவருடைய தந்தையின் அறிவிப்பைப் பற்றி வினவப்பட்டது. பிறரிடம் கேளுங்கள் என்றார் அவர். மீண்டும் வற்புறுத்தப்பட்டபோது, இது மார்க்க விவகாரம் எனக் கூறி, தந்தை பலவீனமானவர் என்றே தீர்ப்பளித்தார். மறுபுறம், அலீ (ரழி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து பாடிய கவாரிஜ் பிரிவைச் சேர்ந்த இம்ரான் இப்னு ஹித்தான் வழிவந்த அறிவிப்பை இமாம் புஹாரி (ரஹ்) தம் ஸஹீஹில் இடம்பெறச் செய்துள்ளார். கொள்கையில் எதிரியாயினும் அறிவிப்பில் உண்மையாளர் எனக் கண்டால் ஏற்க முடிந்தது. இரத்த உறவாயினும் பலவீனம் கண்டால் விலக்க முடிந்தது. அவ்வறிஞர்களிடையே பிரிவுச் சாய்வுகள் இருக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். அச்சாய்வுகளைத் தமக்கு எதிராகவே அளந்து பார்க்கும் முறையொன்று அவர்களிடம் இருந்தது. பிறரை ஜர்ஹ் செய்வதில் அமெரிக்கப் பழைமைவாத விமர்சனம் வல்லமை பெற்றிருந்தது. தன்னவரை அதே தராசில் நிறுக்க அதன் பெருமேடைகள் பெரிதும் தவறின. நேயரின் விருப்பமே வருமானமாகிவிட்ட ஊடகத் தொழிலில் அத்தவறு இலாபத்தையும் தந்தது.

இவ்விமர்சனம் அவர்களோடு முடிந்துவிடுமாயின் அதன் பயன் குறைவே. மேற்குலக ஊடகங்கள் பாரபட்சமானவை என்பது நம் சமூகத்தில் பல்லவியாகிவிட்டது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதன் பின்னர் நாம் செய்வது என்ன? 2023 ஒக்டோபருக்குப் பின்னர் காஸாவின் அவலத்தைக் காட்டுவன என்று சிரியப் போரின் பழைய படங்களும் உலகெங்கும் பகிரப்பட்டன. வட்ஸ்அப்பில் வந்தது, நம்மவர் அனுப்பியது என்பதே பலருக்குப் போதிய இஸ்னாதாக இருந்தது. காஸாவின் துயரத்துக்குக் கடன்வாங்கிய படம் தேவையில்லை. ஒரு பொய்ப்படம் அம்பலமாகும்போது, அதனருகே இருக்கும் நூறு மெய்ப்படங்களையும் சந்தேகிக்க எதிரிக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

நமக்கும், நம் பெற்றோருக்கும், உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சி பகர வேண்டும் என ஸூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் பணிக்கிறது. ஊடகங்களை விமர்சிக்கும் தகுதிக்கும் அதுவே உரைகல். நம் அணியிலிருந்து வந்த செய்தியொன்றை, அது நமக்கு இனித்தபோதிலும், ஆதாரமில்லையென்று கடைசியாக நாம் நிராகரித்தது எப்போது? அதற்கு விடை சொல்லக்கூடிய சமூகமே பிறரது பாரபட்சத்தைப் பற்றிப் பேசும்போது செவிசாய்க்கப்படும்.