முதல் வாரம் தோற்ற ஷோலே

1975 ஆகஸ்ட் 15 அன்று ‘ஷோலே’ வெளியானது. அந்த வார இறுதியிலேயே, பம்பாயில் அமிதாப் பச்சன் வீட்டில் படக்குழுவின் முக்கியமானவர்கள் கூடிவிட்டார்கள். வந்திருந்த எவர் முகத்திலும் களையில்லை. விமர்சனங்கள் காலை வாரிவிட்டிருந்தன. ஃபிளாப் என்ற பேச்சு விநியோகஸ்தர்கள் வட்டாரத்தில் பரவிக்கொண்டிருந்தது. ‘ஜஞ்சீர்’, ‘தீவார்’ படங்களால் உச்சிக்குப் போய்விட்ட அமிதாப்பைக் கடைசியில் சாகடித்ததுதான் தவறோ என்று ஒரு யோசனை எழுந்தது. படம் எடுத்த ராமநகரத்துக்குத் திரும்பிப் போய், அவர் நடித்த ஜெய் பிழைத்துக்கொள்வதுபோல ஒரு முடிவைப் படமாக்கி, பிரிண்டுகளில் ஒட்டிவிடலாமா? பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, இயக்குநர் ரமேஷ் சிப்பி ஒரு முடிவுக்கு வந்தார்: இன்னும் சில நாள் பொறுத்துப் பார்ப்போம்.

இந்திய வணிக சினிமாவின் மிகப் பெரிய ஆட்டம் அந்த ஒரு முடிவால் காப்பாற்றப்பட்டது. ஜெய் பிழைத்திருந்தால், அந்தி இருட்டில் விளக்கணைக்கும் ராதாவின் (ஜெயா பாதுரி) காட்சிகளுக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

விளையாட்டு ரசிகர்களுக்கு 1975 மறக்க முடியாத ஆண்டு. மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வீழ்த்தி இந்தியா ஹாக்கி உலகக் கோப்பையைத் தூக்கியது. ஜூனில் இங்கிலாந்தில் முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்கியது. அதன் முதல் நாளிலேயே, லார்ட்ஸில், சுனில் கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து 36 ரன்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். ஒரே நாளில் முடிந்துவிடும் ஆட்டத்துக்கு இந்திய கிரிக்கெட் அப்போது பழகியிருக்கவில்லை. சினிமா தியேட்டர்களிலும் கணக்கு டெஸ்ட் கணக்குதான். 25 வாரம் ஓடினால் வெள்ளிவிழா, 50 வாரம் ஓடினால் பொன்விழா. வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு எழுதும் இன்றைய வழக்கம் அன்று இருந்திருந்தால், ஷோலே முதல் செஷனிலேயே ஆல் அவுட் ஆகியிருக்கும்.

இந்தப் படத்தை ஆட வந்தவர்களும் நீண்ட ஆட்டத்துக்குத் தயாராகித்தான் வந்தார்கள். 1973 அக்டோபரில், பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் வழியில் உள்ள ராமநகரத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. பட்டுக்கூடு சந்தைக்குப் பேர் போன ஊர் அது. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். இந்திப் படக் கொள்ளைக்காரன் என்றால் சம்பல் பள்ளத்தாக்கில்தான் இருப்பான் என்பது அன்றைய வாய்பாடு. அதை விட்டு, கர்நாடகத்துப் பாறைகளுக்கு நடுவே ‘ராம்கட்’ என்ற முழு கிராமத்தையே எழுப்பினார் கலை இயக்குநர் ராம் எடேக்கர். அங்கே போய்வரச் சாலையும் போட வேண்டியிருந்தது. படம் முடிந்த பிறகு அந்த இடத்துக்கு ‘சிப்பி நகர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அந்தக் குன்றுப் பகுதி பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம்.

போட்ட திட்டப்படி செலவு சுமார் 1 கோடி. முடியும்போது அது 3 கோடியைத் தொட்டிருந்தது. ஏறக்குறைய 450 ஷிஃப்டுகள், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுக் காலம். பணம் போட்ட ஜி.பி. சிப்பி பின்வாங்கவில்லை. அந்தக் காலம் எங்கே செலவானது என்று பார்த்தால்தான் ஷோலேயின் ஆட்ட முறை பிடிபடும்.

ரயில் கொள்ளைக் காட்சி ஏழு வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பம்பாய்–புனே தடத்தில், பன்வேல் அருகே எடுத்தார்கள். ஓடும் சரக்கு ரயில், அதற்கு இணையாகப் பாயும் குதிரைகள், பெட்டியின் கூரைமேல் அடிதடி, வழியில் குவித்த மரக்கட்டைகளைச் சிதறடித்துக்கொண்டு போகும் எஞ்சின் என்று எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தி வரவேண்டும். ஒரு குதிரை பிந்தினால் ரயிலைப் பின்னுக்கு எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். இதற்காக பிரிட்டனிலிருந்து சண்டைக் கலைஞர்கள் வரவழைக்கப்பட்டு, உள்ளூர் ஸ்டண்ட் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார்கள். யார் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருகிறது என்று அந்தச் சண்டையில் ஒரு நொடிகூடப் பார்வையாளருக்குக் குழப்பம் வராது. நல்ல கால்பந்து ஆட்டத்தை மேல் வரிசையிலிருந்து பார்ப்பதுபோல மைதானம் முழுக்கத் தெரியும். இன்றைய எத்தனையோ சண்டைக் காட்சிகளில், இரண்டு நொடிக்கொரு வெட்டில், அடித்தவர் யார் அடி வாங்கியவர் யார் என்பதே தொலைந்துபோகிறது.

இதற்குச் செலவான நாள்களைக்கூடப் புரிந்துகொள்ளலாம். வியப்பு வேறொரு கணக்கில் இருக்கிறது. மாலையில் ராதா மாடியில் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே போகிறாள். எதிர்ப்புறம் ஜெய் உட்கார்ந்து மவுத்ஆர்கன் வாசிக்கிறான். வசனம் கிடையாது, அசைவும் மிகக் குறைவு. இப்படிப்பட்ட இரண்டு சிறு காட்சிகளுக்கு 20 நாள் ஆனது. சூரியன் விழுந்து இருட்டு முழுதாகக் கவிவதற்கு இடையே கிடைக்கும் அந்தச் சில நிமிட வெளிச்சம்தான் வேண்டும் என்று நின்றார் ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா. விளக்கு, கேமரா, ஜெயா பாதுரி எல்லாம் தயாராக, ஒரு நாளுக்கு ஒரு வாய்ப்பு. மேகம் குறுக்கிட்டால் மறுநாள் மாலை. ஒரு ஆக்‌ஷன் படத்தின் கஜானாவைத் திறந்து, அந்தி வெளிச்சத்துக்காக இத்தனை நாள் காத்திருக்க இயக்குநருக்கு எவ்வளவு தெளிவு வேண்டும்! கடைசியில் ஜெய் சாகும்போது தியேட்டர் உறைந்துபோவதற்கான வேலை அந்த 20 நாளில் நடந்திருக்கிறது.

கிராமத்து இமாமின் மகனைக் கொள்ளைக்காரன் கப்பர் கொல்லும் காட்சிக்கு 19 நாள். தணிக்கைக்குப் பிறகு திரையில் கொலை இல்லை. கப்பர் படுத்திருக்கிறான், கையில் ஓர் எறும்பு ஊர்கிறது, அடித்து நசுக்குகிறான். அடுத்த காட்சியில் பையனின் உடலைச் சுமந்துகொண்டு குதிரை ஊருக்குள் வருகிறது. முன்னாள் போலீஸ் அதிகாரி தாக்கூரின் குடும்பம் சுட்டுக் கொல்லப்படும் இடத்திலோ, துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் காதில் விழுவது ஓர் ஊஞ்சலின் கிறீச்சொலி மட்டும். ஸ்டீரியோ ஒலி இந்தியத் தியேட்டர்களுக்குப் புதிதாக இருந்த காலத்தில், அந்த வசதியை வெடிச்சத்தத்துக்கு மட்டும் செலவழிக்காமல் ஊஞ்சலுக்கும், காற்றுக்கும், பாறையில் உரசும் பெல்ட்டுக்கும் ஒதுக்கிவைத்தார்கள். 35 எம்.எம்.மில் எடுத்து 70 எம்.எம்.முக்கு விரித்த படம் அது. அகலம் கண்ணுக்கு விருந்து என்றால், இந்த மௌனங்கள் நெஞ்சுக்குள் இறங்கியவை.

இனி தனிநபர் ஆட்டத்துக்கு வரலாம். பட்டியலில் முதலில் நிற்பவர் அம்ஜத் கான்.

கப்பர் வேடம் முதலில் டேனி டென்சோங்பாவுக்குத்தான் பேசப்பட்டது. ஃபெரோஸ் கானின் ‘தர்மாத்மா’வுக்காக அவர் ஆப்கானிஸ்தான் போக வேண்டியிருந்ததால் இடம் காலியானது. மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய அம்ஜத், நடிகர் ஜெயந்தின் மகன், நாடக மேடையில் வளர்ந்தவர், பெரிய திரையில் பெயரில்லாதவர். வில்லனுக்கு இந்தக் குரல் போதாது என்ற சந்தேகம்கூட எழுந்தது. அவர் தன்னைத் தயார்படுத்திக்கொண்ட விதம் ஒரு பந்துவீச்சாளர் எதிரணியின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பதற்குச் சமம். ஜெயாவின் தந்தையும் பத்திரிகையாளருமான தருண்குமார் பாதுரி சம்பல் கொள்ளைக்காரர்களைப் பற்றி எழுதிய நூலைத் தேடிப் படித்தார். கப்பர் சிங் என்ற பெயரே 1950களில் குவாலியர் வட்டாரத்தை நடுங்கவைத்த ஒரு நிஜக் கொள்ளைக்காரனுடையது.

அவருடைய அறிமுகக் காட்சியைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். படம் தொடங்கி நெடுநேரம் கழித்துத்தான் அவர் வருகிறார். அதுவரை பெயர் மட்டும்தான் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. முதலில் பாறைமேல் நடக்கும் பூட்ஸ், தரையில் இழுபடும் தோட்டா பெல்ட். பிறகு தோற்றுத் திரும்பிய மூன்று ஆட்களிடம் விசாரணை. குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். தாழ்த்துவார், திடீரென உயர்த்துவார், நடுவில் சிரிப்பார். அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டு எல்லோரும் சிரிக்கத் தொடங்கும் நொடியில் சுட்டுவிடுவார். ஷேன் வார்னே எப்போது எந்தப் பந்தைப் போடுவார் என்று தெரியாமல் மட்டையாளர் நின்ற நிலையில்தான் பார்வையாளரும் உட்கார்ந்திருப்பார். வேகமாகவே வீசிக்கொண்டிருந்த இந்தி வில்லன்களுக்கு மத்தியில், வேகத்தை மாற்றி மாற்றி வீசியவர் அம்ஜத்.

அவருக்கு எதிர்முனையில் சஞ்சீவ் குமார். இரண்டு கைகளையும் இழந்த தாக்கூர், ஒரு நடிகனுக்கு மிகக் கொடுமையான வேடம். நடிகர்கள் பாதி நடிப்பைக் கைகளால்தான் செய்கிறார்கள். சால்வைக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு, கழுத்து, தோள், தாடை, கண் ஆகியவற்றை மட்டும் வைத்து அவர் முழு ஆட்டத்தையும் ஆடினார். ஹோலி சண்டையில், காலடியில் கிடக்கும் துப்பாக்கியை எடுத்துக் கொடுக்காமல் தாக்கூர் நிற்பார். ஏன் நின்றார் என்று ஜெய்யும் அவன் கூட்டாளி வீருவும் கொதிப்பார்கள், பார்வையாளரும் கூடவே கொதிப்பார். பிறகு காற்றில் சால்வை விலகும்.

இன்னொருவருக்கு நெடுங்காலம் ஸ்கோர்போர்டில் இடமில்லாமல் இருந்தது. ரேஷ்மா பதான், ஹேமமாலினிக்கு டூப் போட்ட சண்டைக் கலைஞர், இந்தி சினிமாவின் முன்னோடிப் பெண் ஸ்டண்ட் கலைஞர்களில் ஒருவர். கொள்ளைக்காரர்கள் துரத்த, பசந்தி குதிரை வண்டியைப் பாறைச் சாலையில் விரட்டிக்கொண்டு போகும் காட்சியின் ஆபத்தான பகுதிகளில் கடிவாளம் அவர் கையில் இருந்தது. வண்டி கவிழ்ந்து காயமும் பட்டார். தஞ்சை மண்ணில் பிறந்த ஹேமமாலினி வசனத்தை வெடிவெடியாகப் பொரிந்து தள்ளியது அந்தப் பாத்திரத்தின் ஒரு பாதி. ரேஷ்மாவின் துணிச்சல் மறுபாதி. அவர் வாழ்க்கையை வைத்து ‘தி ஷோலே கேர்ள்’ படம் வந்தது 2019இல்தான். ஐம்பது ஓவரும் ஓடி ஓடி ரன் தடுத்த வீராங்கனையின் பெயரை வர்ணனையாளர் சொல்லாமல் விட்டதற்கு ஒப்பான அநீதி இது.

திரும்பவும் ஆகஸ்ட் 1975க்கு. தோல்விப் பேச்சு பலமாக இருந்த அந்த நாள்களில் படத்தை எழுதிய சலீம்–ஜாவேத் இருவரும் வணிகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள்: ஒவ்வொரு பெரிய ஏரியாவிலும் இந்தப் படம் 1 கோடி வசூலிக்கும். படிப்பவர்களுக்கு அது தோற்ற அணியின் வீம்பாகப் பட்டிருக்கும். ஆனால் தியேட்டருக்குள் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. வொர்லியில் ஒரு தியேட்டர் உரிமையாளர் ரமேஷ் சிப்பியிடம், கவலைப்படாதீர்கள், படம் ஹிட் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவர் காட்டிய சான்று வசூல் தாள் அல்ல. கேன்டீனில் ஐஸ்கிரீமும் கலரும் விற்கவில்லை. ஜனங்கள் இருக்கையை விட்டு எழுந்து வருவதே இல்லை என்றார். கைதட்டல் கேட்கவில்லையே என்று எல்லோரும் பயந்த அமைதி, கட்டுண்டு கிடந்தவர்களின் அமைதி.

பிறகு வாய்வழிப் பேச்சு கிளம்பியது. பார்த்தவர்கள் மறுபடி வந்தார்கள், வசனங்களை நடிகர்களுக்கு முன்பே சொன்னார்கள். இதைக் கவனித்த பாலிடோர் நிறுவனம் பாட்டை விட்டுவிட்டு வசனங்களை மட்டும் இசைத்தட்டாக வெளியிட்டது. திருமண வீடுகளிலும் டீக்கடைகளிலும் கப்பரின் குரல் ஒலித்தது. குளுகோஸ் பிஸ்கட் விளம்பரத்தில் குழந்தைகளின் நண்பனாகவே கப்பர் வந்து நின்றான். நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் வெள்ளிவிழா, அறுபதில் பொன்விழா. பம்பாய் மினர்வாவில் மட்டும் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள். மராத்தா மந்திரில் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ வந்து உடைக்கும்வரை அந்தச் சாதனை அசையவில்லை.

விருது மேடையோ முதல் வாரத் தீர்ப்பிலேயே நின்றுவிட்டது. அந்த ஆண்டு ஃபிலிம்ஃபேரில் சிறந்த படம், இயக்கம், கதை, திரைக்கதை, வசனம் எல்லாம் ‘தீவார்’ பக்கம் போயின. ஷோலேவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, எம்.எஸ். ஷிண்டேவின் படத்தொகுப்புக்கு. இரண்டு படங்களையும் எழுதியவர்கள் அதே சலீம்–ஜாவேத் என்பதால் அவர்களுக்கு இழப்பில்லை. ஆனால் அம்ஜத் கானுக்கும் திவேச்சாவுக்கும் அந்த மேடை பெரிய கடன் பட்டிருக்கிறது. 2005இல் அதே ஃபிலிம்ஃபேர் ஷோலேவை ஐம்பது ஆண்டுகளின் சிறந்த படம் என்று அறிவித்தது. அம்ஜத் அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

இன்னொரு தீர்ப்பு தணிக்கையிலிருந்து வந்தது. படம் வெளியாவதற்கு ஏழு வாரம் முன்பு, ஜூன் 25இல், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. முன்னாள் போலீஸ் அதிகாரியான தாக்கூர் சட்டத்தைக் கையில் எடுத்து கப்பரைக் கொல்வதை அதிகாரிகள் ஏற்கவில்லை. கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து தடுத்து கப்பரைக் கைது செய்வதுபோல முடிவை மாற்றி எடுக்க வேண்டியதாயிற்று. தாக்கூருக்காக அவர் வேலைக்காரர் ராம்லால் செருப்பில் ஆணி அடிக்கும் காட்சியும் போனது.

2025 ஜூன் 27 அன்று, இத்தாலியின் பொலோனா நகரில், பியாஸா மாஜோரே சதுக்கத்துத் திறந்தவெளித் திரையில், ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் மீட்டெடுத்த ஷோலே மூல முடிவோடு ஓடியது. கப்பர் ஆணியில் சாய்ந்து விழுகிறான். பழி தீர்ந்துவிட்டது. அதன் பிறகு தாக்கூர் உடைந்து அழுகிறார். அணைத்துக்கொள்ள அவருக்குக் கைகள் இல்லை, வீருதான் அவரைத் தாங்கிக்கொள்கிறான். படம் முழுக்க முகத்தை இறுக்கிக்கொண்டே ஆடிய சஞ்சீவ் குமார், தன் மொத்த ஆட்டத்தையும் இந்த அழுகைக்காகத்தான் சேர்த்துவைத்திருந்தார். மினர்வாவில் ஐந்தாண்டு வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் அந்தத் திரையில் அதைப் பார்க்கவில்லை.