எதை விட 'லாங்கர்'?

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். முத்துக்குளிப்பைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். 'அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பவர்கள் தண்ணிக்கு அடியில் மோர் லாங் டைம் இருந்தார்கள்' என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தான். டீச்சர் 'மோர் லாங் டைம்' என்பதை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் 'ஃபார் எ லாங்கர் டைம்' என்று போட்டிருந்தார்.

இலக்கணப்படி திருத்தம் சரிதான். 'லாங்' ஓரசைச் சொல். அதன் வாலில் 'அர்' சேரும், முன்னால் 'மோர்' வராது. நேரத்தை அரிசி, தண்ணி மாதிரி ஓர் அளவாக நினைத்தால் 'மோர் டைம்'. பரீட்சையில் கேட்பது அதைத்தான். ஒரு செயல் எவ்வளவு நீண்டது என்று சொல்ல 'லாங்கர்'. தண்ணிக்குள்ளே இருப்பது அந்த வகை. நாம் தமிழில் 'ரொம்ப நேரம்', 'கூட நேரம்' என்று நேரத்தைப் பெரும்பாலும் அளந்து கொட்டுகிற ஆட்கள். அதனால்தான் நம் பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'மோர்' போடுகிறார்கள். அது தப்புதான், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிற தப்பு.

எனக்கு இடித்தது வேறு. "எதை விட லாங்கர்?" என்று அவனிடம் கேட்டேன்.

"டீச்சரே திருத்திட்டாங்களே மாமா, பெறவு என்ன?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கு. இங்கிலீஷில் ஒப்பீடு அந்தப் பெயரடைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. 'விட' வேலையைச் செய்கிற 'தேன்' என்ற சொல்லை விட்டுவிட்டாலும் வாக்கியம் முழுசாகவே தெரியும். தமிழில் பெயரடைக்கு அப்படி ஒரு வால் கிடையாது. 'நீண்ட' என்பதை எப்படி முறுக்கினாலும் 'லாங்கர்' வராது. நம் பழைய இலக்கணம் இந்த வேலையை ஐந்தாம் வேற்றுமையிடம் கொடுத்திருக்கிறது. உரைகாரர்கள் இதை உறழ்பொரு என்பார்கள். அதாவது ஒப்பீட்டைச் சுமக்கிறது பெயரடை இல்லை, எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயர். இன்று 'விட', 'காட்டிலும்' என்கிறோம். அவற்றைச் சொன்னால் முன்னால் ஒரு பெயரையும் சொல்லியே ஆகணும்.

இது ஏதோ வாத்தியார் வீட்டுச் சண்டை இல்லை. நம் கடலைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த புத்தகங்களை இந்த ஒரு கேள்வியோடு படித்தால், யார் பார்த்து எழுதினார், யார் கேட்டு எழுதினார் என்பது வெளியே வந்துவிடுகிறது.

முதலில் ராபர்ட் பெர்சிவல். இலங்கையில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 1803-இல் புத்தகம் போட்டார். அவர் எழுதியது மன்னார் பக்கத்து முத்துக்குளிப்பை. பாக் நீரிணைக்குத் தெற்கே அந்தக் கரையும் நம் கரையும் ஒரே வளைகுடாதான், நம் பக்கத்து ஆட்களும் அங்கே போய்க் குளித்தவர்கள்தான். வழக்கமாக இரண்டு நிமிஷத்தை அதிகம் தாண்டாது என்று தொடங்குகிறார். பிறகு நாலு, அஞ்சு நிமிஷம் இருந்தவர்களும் உண்டு என்கிறார். கடைசியாக, அறிந்தவற்றிலேயே நீண்டது 1797-இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுசாக ஆறு நிமிஷம் இருந்தது என்று முடிக்கிறார். படி ஏறுகிற மாதிரி ஏறுகிறது பாருங்கள். ஆனால் எத்தனை பாகம் ஆழத்தில், யார் கடிகாரத்தைப் பிடித்தது என்பது அந்தப் படிகளில் எங்கேயும் இல்லை. அதே காலத்தில் லெ பெக் என்பவர் காரைக்கால் பையன் ஒருவனுக்கு ஏழு நிமிஷம் கொடுத்திருக்கிறார். பல நூற்றாண்டு முன்னால் பாரசீக வளைகுடாவைப் பற்றி எழுதிய இப்னு பதூதா ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்றே எழுதிவிட்டார். ஒப்பிட எதிரே எதுவும் இல்லாதபோது நேரம் இப்படித்தான் வளரும்.

இதற்கு நேர் எதிர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். இலங்கை முத்துப்பார்களுக்குப் பல வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் சொன்னதை எமர்சன் டென்னன்ட் பதிவு செய்திருக்கிறார்: அரிப்பில் யாரும் 87 விநாடிக்கு மேல் அடியில் இருந்து அவர் பார்த்ததில்லை, 13 பாகத்துக்கு மேல் ஆழம் போனதும் இல்லை, சாதாரணமாக ஒன்பது பாகத்தில் 55 விநாடியைத் தாண்டுவது அபூர்வம். இங்கேயும் 'லாங்கர்' உண்டு. ஆனால் 'தேன்' கூடவே வருகிறது, அதற்குப் பின்னால் ஒரு எண், பக்கத்திலேயே ஆழம். ஒரு பாகம் ஆறடி. அப்போ ஒன்பது பாகம் என்றால் 54 அடி. 54 அடி இறங்கி, சிப்பி பொறுக்கி, மேலே வர 55 விநாடி. இதை நம்பலாம்.

"இன்னைக்கு ஆறு நிமிஷமெல்லாம் ஒண்ணுமே இல்லையே" என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். 2009-இல் ஸ்டெஃபான் மிஃப்சுட் என்ற பிரெஞ்சுக்காரர் 11 நிமிஷம் 35 விநாடி மூச்சடக்கினார். ஆனால் அது அசையாமல் தண்ணியில் மிதந்தபடி. காலில் கல்லோடு இறங்கி, கூடையை நிரப்பி, கயிற்றை ஆட்டி, மேலே இழுக்கப்பட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடி இறங்குகிற வேலை இல்லை. அதனால் பெர்சிவலின் ஆறு நிமிஷம் மனுஷ உடம்பால் முடியவே முடியாதது என்று நான் சொல்ல வரவில்லை. அது எதோடும் ஒப்பிட முடியாத ஆறு நிமிஷம், அவ்வளவுதான்.

பெர்சிவலுக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் முன்னால், பதினேழாம் நூற்றாண்டில், ரிபெய்ரோ என்ற போர்த்துகீசியப் படைத்தலைவர் எழுதியது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. இரண்டு 'கிரெதோ' சொல்கிற நேரம் என்கிறார் அவர். நம் பனிமய மாதா கோயில் தெருக்காரர்களிடம் சொன்னால் உடனே புரியும், அது விசுவாசப் பிரமாணம். சின்னப் பிரமாணத்தைக் கோயிலில் சொல்கிற வேகத்திலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஸ்டூவர்ட்டின் 55-க்கும் 87-க்கும் நடுவே! கடிகாரம் இல்லாத மனுஷர், ஆனாலும் ஒப்பிட ஒன்றை எதிரே வைத்துக்கொண்டார். அதனால் கடிகாரம் வைத்திருந்தவர்களை விடச் சரியாகச் சொல்லிவிட்டார்.

சரி, தமிழில் எழுதினால் இந்தக் கோளாறே வராதா? வரும். 'நீண்ட நேரம் மூச்சடக்கி' என்று நாமும் நூறு கட்டுரையில் எழுதியாச்சு. 'கூடக் கொஞ்ச நேரம்' என்பதும் பாதி ஒப்பீடுதான். ஆனால் ஸ்டூவர்ட்டின் வாக்கியத்தை நான் தமிழில் எழுதினபோது 'லாங்கர்' தானாகவே '87 விநாடிக்கு மேல்' என்று மாறியதைக் கவனித்திருப்பீர்கள். 'நாட் லேட்டர் தேன்' நமக்குத் 'தேதிக்குள்'. 'விச்செவர் இஸ் இயர்லியர்' என்பது 'எது முந்தியதோ அது'. இங்கிலீஷ் நேரத்தை நீளமாகப் பார்க்கிற இடத்தில், நாம் ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு மேலேயா உள்ளேயா என்று கேட்கிறோம். கோடு இல்லாமல் 'மேல்' என்று சொல்ல முடியாது. மொழிபெயர்க்கிறவர்கள் எல்லா 'லாங்கர்'-ஐயும் 'நீண்ட' என்று தள்ளிவிடாமல் இந்த 'மேல்', 'உள்' இரண்டையும் எடுத்துக்கொண்டால் பாதி மழுப்பல் போய்விடும்.

இதை நான் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் அந்த ஆட்களின் உடம்பு. அதே பெர்சிவல், மேலே வந்தவர்களின் வாயிலும் காதிலும் மூக்கிலும் தண்ணி வரும், பல சமயம் ரத்தமும் வரும், ஆனாலும் ஒரு நாளில் நாற்பது, ஐம்பது தடவை இறங்குவார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆறு நிமிஷம் இருக்கக்கூடிய பிறவிகள் என்று முதலில் நம்பிவிட்டால், அந்த ரத்தம் படிக்கிறவன் கண்ணில் படாது. மீன் மாதிரி ஆட்கள், அவர்களுக்கு என்ன என்று போய்விடுவோம். 55 விநாடி என்று தெரிந்தால்தான் ஐம்பது தடவை என்பது உறைக்கும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. 'நோ லாங்கர்' என்கிற இங்கிலீஷுக்கு இங்கே சரியான இடம். அதில் ஒப்பீடு எதுவும் மிச்சமில்லை, 'இனி இல்லை' என்று மட்டுமே அர்த்தம். சங்கு குளிப்பு நிற்கவில்லை. இப்போது பலர் படகில் கம்ப்ரசரை வைத்து, குழாய் வழியாகக் காற்று வாங்கி இறங்குகிறார்கள். மூச்சு முட்டாததால் நேரம் நீள்கிறது. ஆனால் ஆழம் கூடக் கூட அடியில் இருக்கலாம் என்கிற நேரம் குறைய வேண்டும். இல்லாவிட்டால் மேலே வரும்போது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி ஆளை முடக்கும், கொன்றும் போடும். அங்கே 'கூட நேரம் இருக்கலாம்' என்று யாராவது சொன்னால், எதை விட, எத்தனை பாகத்தில் என்று கேட்பது இலக்கணக் கேள்வி இல்லை.

பையனை நாற்காலியில் உட்கார வைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். 41 விநாடி. முகம் சிவந்துபோச்சு.

"இதே மாதிரி ஐம்பது தடவையா மாமா?"

"54 அடி ஆழத்துல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டீச்சர் போட்ட 'லாங்கர்'-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, வெறும் 'டைம்'-ஐ அடித்துவிட்டு, பின்னால் 'தேன் ஐ கேன்' என்று சேர்த்தான். அதற்கடுத்த வரியில் 55, 87 இரண்டையும் எழுதினான். இந்தத் தடவை திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.