சம்மனசும் அளவுகோல் அல்ல

தமிழகக் கத்தோலிக்க ஊர்களின் தேர்ப்பவனியில் பெரும்பாலும் முன்னே போவது மிக்கேல் சம்மனசின், அதாவது வானதூதரின், சப்பரம். கையில் வாள், காலடியில் பிசாசு. எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் அந்த முன்னிடமே அவர் யார் என்று சொல்லிவிடுகிறது: பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறக்கும் ஊழியர்.

திருமறை தூதர்களை உயர்த்தும்போதே எல்லையும் கட்டுகிறது. ஏசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு சிறகுகள். பறக்க இரண்டு போதும். முகத்தை மூட இரண்டு, கால்களை மூட இரண்டு. பாவமறியாதவர்களே கடவுள் முன் முகம் மறைக்கிறார்கள். இறுதி நாள் எதுவென்று தூதர்களுக்கும் தெரியாது என்கிறது மத்தேயு நற்செய்தி. காலில் விழப்போன யோவானை வெளிப்படுத்தலின் தூதர் தடுத்துவிடுகிறார்.

இந்த எல்லையைக் கீழைத் திருச்சபை விரித்துப் பேசியது. கடவுளை முழுதும் அறிய முடியும் என்று வாதிட்டவர்களுக்கு எதிராக, 386-இல் அந்தியோக்கியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், கெருபீன்களாலேயே அது ஆகாது என்றார். மேலைத் திருச்சபையில் 13-ஆம் நூற்றாண்டின் தோமா அக்குவினாஸ் தூதர்களின் ஒன்பது அணிகளை விளக்கினார். ஆனால் மனித மனத்தின் இரகசியமும் எதிர்காலமும் கடவுளுக்கே தெரியும் என்று அவர்களின் அறிவுக்கு வரம்பிட்டார். கடவுள் இயல்பிலேயே தூயவர். தூதர்கள் அருளால் தூயவர்கள். அதனால்தான் சிலர் விழவும் முடிந்தது. 787-இன் இரண்டாம் நிசேயா சங்கம் வணக்கத்தையும் ஆராதனையையும் பிரித்து, ஆராதனையைக் கடவுளுக்கே வைத்தது.

சீர்திருத்தச் சபையினர் இன்னும் கண்டிப்பானவர்கள். தூதர்களிடம் மன்றாடவே கூடாது என்றார் கால்வின். லூத்தரோ 1529-இன் சிறிய ஞானோபதேசத்தில், காலை மாலை ஜெபங்களில் தூதனின் துணையைக் கடவுளிடமே கேட்கச் சொன்னார்.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் இந்த லுத்தரன் மரபைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் அந்த மரபைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர். ஆனால் தூதர் படைப்பே, கடவுள் அல்ல என்பதில் இருவருக்கும் பேதமில்லை. முனிவரின் தேம்பாவணிக் காவியத்துக்கு நாயகர்கூட வானவர் அல்லர். கனவில் தூதர் சொன்னதைக் கேட்டு நடந்த தச்சர் சூசையப்பர்.

சமர்த்துப் பிள்ளையைச் ‘சம்மனசு’ என்று கொஞ்சுகிறோம். திருமறை நமக்கு வைக்கும் அளவுகோல் அதைவிடப் பெரியது. கடவுள் தூயவராயிருப்பதால் நீங்களும் தூயவராயிருங்கள் என்று லேவியராகமம் 19 தொடங்குகிறது. அடுத்தடுத்துச் சொல்வதெல்லாம் மண்ணில் நடப்பவை: வயல் ஓரத்துக் கதிரை ஏழைக்கு விடு, கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, எடைக்கல்லில் ஏமாற்றாதே. சம்மனசுக்கு வயலும் இல்லை, கூலியாளும் இல்லை, தராசும் இல்லை. இந்தப் பரீட்சை மனிதருக்கே வைத்தது; திருத்துகிறவரும் கடவுளே.