துடுப்பும் தகடும்: எட்வர்ட் கர்ட்டிஸின் நூனிவாக் கயாக் ஒளிப்படங்களும் திறந்த இணையமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் எஸ். கர்ட்டிஸ் 1927ஆம் ஆண்டுக் கோடையில் அலாஸ்காவின் நூனிவாக் தீவில் எடுத்த கயாக் ஒளிப்படங்களை இன்று இணையத்தில் எவரும் தடையின்றிக் காணலாம். இத்திறப்பு கர்ட்டிஸ் பற்றிய திறனாய்வுக்கு அளித்த கருவி யாது, அக்கருவி எவ்விடத்தில் செயலற்றுப் போகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. படம் திறந்திருப்பதும் படத்தைப் பற்றிச் சொல்லும் உரிமை திறந்திருப்பதும் வெவ்வேறு என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கர்ட்டிஸ், நூனிவாக், கயாக், ஒளிப்படத் திறனாய்வு, திறந்த இணையம், மரபறிவு உரிமை.

கர்ட்டிஸின் தொகுப்பு

கர்ட்டிஸ் (1868–1952) தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு உருவாக்கிய ‘வட அமெரிக்க இந்தியர்’ என்னும் நூல்தொகுப்பு, 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளாக வெளிவந்தது. செல்வர் ஜே. பி. மார்கனின் பொருளுதவியும் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் முன்னுரையும் அதற்குக் கிடைத்தன. 500 படிகள் திட்டமிடப்பட்டும் 300க்கும் குறைவானவையே விற்பனையாயின. வாங்கியோர் செல்வர்களும் பெருநூலகங்களும் ஆவர். படமாக்கப்பட்ட மக்களில் பெரும்பாலோர் தம் படங்களைக் காணவே வழியில்லாத ‘மூடிய’ வெளியீடு அது. திறந்த இணையத்தின் குறைகளைப் பேசுமுன் இதை நினைவிற்கொள்வது நேர்மை.

இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன்னிடமுள்ள 2,400க்கும் மேற்பட்ட கர்ட்டிஸ் படங்களை இணையத்தில் வைத்துள்ளது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 20 தொகுதிகளையும் எண்மமாக்கியுள்ளது. சியாட்டிலிலோ சிவகங்கையிலோ இருக்கும் ஆய்வாளர் இருவருக்கும் ஒரே படம், ஒரே தெளிவில் கிடைக்கிறது.

கடிகாரம் கற்பித்த வாசிப்பு

இத்திறப்பால் விளைந்த நன்மைக்குச் சிறந்த சான்று, 1910இல் எடுக்கப்பட்ட ‘பீகன் கூடாரத்தில்’ என்னும் படம். லிட்டில் புளூம், அவர் மகன் எல்லோ கிட்னி ஆகிய இருவர் கூடாரத்தினுள் அமர்ந்துள்ளனர். நூலில் அச்சான வடிவத்தில் அவர்களிடையே இல்லாத ஒரு பொருள், காங்கிரஸ் நூலகத்திலுள்ள திருத்தப்படாத வடிவத்தில் இருக்கிறது: ஒரு கடிகாரம். காலத்தின் மாற்றத்தை ஏற்றுக்கொண்ட மக்களைக் காலத்திற்கு அப்பாற்பட்டவர்களாகக் காட்டவேண்டி, கடிகாரத்தையே அழித்திருக்கிறார் கர்ட்டிஸ். கிறிஸ்டோபர் லைமன் 1982இல் வெளியிட்ட நூல் இத்தகைய திருத்தங்களையும் புனைவுகளையும் விரிவாக எடுத்துக்காட்டியது. அன்று ஆவணக்காப்பகத்திற்குச் சென்றவருக்கே கைகூடிய அந்த ஒப்பீட்டை இன்று எந்த மாணவரும் செய்து பார்க்கலாம்.

ஆயினும், இந்தக் கடிகாரம் திறனாய்வுக்கு ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டது. கர்ட்டிஸின் எப்படத்தைக் கண்டாலும் ‘இதில் எது நீக்கப்பட்டது?’ என்பதே முதல் வினாவாகிறது. அதற்கு விடை கிடைக்காவிடில் வாசிப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. நூனிவாக் படங்களை அணுகும்போது இப்பழக்கம் உதவுவதில்லை.

நடிக்காத நீர்

நூனிவாக், பெரிங் கடலில் உள்ள மரமற்ற தீவு. சுப்பிக் மக்களின் வாழிடம். மதப்பரப்பாளர் எவரும் பணியாற்றாத ஓரிடத்தைத் தம் முப்பதாண்டு அனுபவத்தில் முதன்முறையாகக் கண்டதாகக் கர்ட்டிஸ் தம் பயணக் குறிப்பில் மகிழ்ந்து எழுதினார். அதாவது, அவர் பார்வையில் அங்கு அழிப்பதற்குக் கடிகாரமே இல்லை.

இவ்வரிசையில் ‘எறியத் தயார் – நூனிவாக்’ என்னும் படம் பரவலாக அறியப்பட்டது. கயாக்கில் அமர்ந்த வேட்டைக்காரர் எறிபடையுடன் ஆயத்தமாக இருக்கிறார். கருவியின் முன் நிகழ்த்திக்காட்டிய காட்சியாகவே இது இருத்தல் கூடும். ஆகவே இது பொய் என்று ஒதுக்கிவிட முடியுமா? இயலாது என்பேன். கூடாரத்தினுள் ஒருவரை எப்படியும் அமர்த்திப் படமெடுக்கலாம். நீரில் மிதக்கும் தோற்படகில் அது நடவாது. பெரிங் கடற்பகுதிக் கயாக் கிரீன்லாந்துக் கயாக்கைவிட அகலமும் ஆழமும் மிக்கதுதான். எனினும் அதிலிருந்து எறிபடையை ஓங்குபவர் தம் இடுப்பாலும் தொடைகளாலும் படகின் சமநிலையைக் காத்தாகவேண்டும். வேட்டை நடிப்பாக இருக்கலாம், நீர் நடிப்பதில்லை. ஒளிப்படக் கலைஞர் கேட்டுப் பெற்ற தோற்றத்திற்குள் அவர் கேட்டுப் பெற முடியாத ஒரு தேர்ச்சியும் பதிவாகியுள்ளது. ‘உண்மையா, புனைவா’ என்னும் இருமை வாசிப்புக்கு இது அகப்படுவதில்லை.

இப்படங்களில் குறைவுபடுவது நீக்கப்பட்ட பொருளன்று. படகைப் பற்றிய அறிவு. மரமற்ற தீவில் கயாக்கின் சட்டகம், கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மரத்துண்டுகளால் ஆனது. அத்துண்டுகள் ஆணியின்றி வாரால் பிணைக்கப்பட்டன. ஓட்டுபவரின் உடலுறுப்புகளே அளவுகோல். எனவே ஒருவர் படகு மற்றவர்க்கு முற்றும் பொருந்தாது. சீல் தோலை நீர்புகாத் தையலால் மூடியவர்கள் பெண்கள். அணியத்தில் ஊடுருவித் தெரியும் வட்டத் துளை நூனிவாக் கயாக்கின் தனி அடையாளம். வேட்டைக்காரரின் உடலளவும் பெண்களின் தையலும் சேர்ந்த இப்பொருளைக் கர்ட்டிஸின் தலைப்பு ‘கயாக்’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறது. தமிழில் இதைத் ‘தோணி’ என்று பெயர்த்தாலும் அதே இழப்புதான். (நம் கட்டுமரம் ஆங்கிலத்திற்குச் சென்று, இரட்டை உடற்பகுதி கொண்ட உல்லாசப் படகின் பெயராக மாறியதை அறிந்தவர்க்கு இது வியப்பாயிராது. கயாக் என்னும் சொல்லும் இன்று நெகிழிப் படகுகளுக்கு உரியதாகிவிட்டது.)

‘தடையில்லை’ என்பதன் பொருள்

கர்ட்டிஸ் படங்களின் வெளியீட்டுக்கு அறியப்பட்ட தடையேதும் இல்லை என்று காங்கிரஸ் நூலகம் குறிப்பிடுகிறது. சட்டத்தைப் பொறுத்தவரை இது சரியே. ஆய்வாளர் பலர் இதனைச் சட்டக் குறிப்பாகக் கொள்ளாமல் அறவழி இசைவாகவே கொள்வதுதான் சிக்கல். பதிப்புரிமை படமெடுத்தவருடையது, அது காலாவதியானால் பொதுமக்களுடையது. படத்தில் இருப்பவர் இவ்விரு நிலையிலும் கணக்கில் வரவில்லை.

கர்ட்டிஸின் தொடக்க காலப் பயணமொன்று இங்கு நினைக்கத்தக்கது. 1899இல் ஹாரிமன் ஆய்வுப்பயணத்தின் ஒளிப்படக் கலைஞராக அவர் அலாஸ்கா சென்றார். அக்குழுவினர் கேப் ஃபாக்ஸ் என்னும் டிலிங்கிட் ஊரில் மக்கள் இல்லாத வேளையில் குலமரபுத் தூண்களைப் பெயர்த்து எடுத்துச்சென்றனர். 2001இல் அவை வழித்தோன்றல்களிடம் திரும்பின. தூணைத் திருப்பித் தரலாம். பல்லாயிரம் படிகளாகப் பரவிய படத்தைத் திருப்பித் தருவது எங்ஙனம்?

படங்களை மீண்டும் மூடிவைப்பது விடையன்று. அது சுப்பிக் மக்களின் பேரப்பிள்ளைகளுக்கும் கதவை அடைப்பதாகும். மற்றொரு வழியைக் காங்கிரஸ் நூலகமே வேறு தொகுப்பில் காட்டியுள்ளது. 1890இல் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் மெழுகு உருளைகளில் பதிவுசெய்த பாசமக்வாடி மக்களின் பாடல்கள் 2018 முதல் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. அவற்றுடன், யார் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று அம்மக்களே வரையறுத்த மரபறிவுக் குறிகளும் அவர்கள் மொழியிலான விளக்கங்களும் இணைந்துள்ளன. இவை நீதிமன்றத்தில் செல்லும் சட்ட விதிகள் அல்ல என்பது உண்மை. ஆயினும் விவரக்குறிப்பை எழுதும் உரிமை, சேகரித்தவரின் கையிலிருந்து பாடியவரின் வழியினர்க்கு மாறியிருக்கிறது. கர்ட்டிஸ் திறனாய்வு இதுவரை பெருமளவும் நெகட்டிவையும் அச்சையும் ஒப்பிடுவதிலேயே காலம் கழித்தது. விவரக்குறிப்பைப் படத்துடன் ஒப்பிடும் பணி மீதமிருக்கிறது.

அப்பணிக்கு இரு படங்களை எடுத்துக்கொள்ளலாம். மணியணி பூண்ட பெண்ணின் முகப்படத்திற்குக் கர்ட்டிஸ் இட்ட தலைப்பு ‘கெனோவுன் – நூனிவாக்’. ஒரு பெயரேனும் இருக்கிறது. ‘கயாக்கில் சிறுவர்கள் – நூனிவாக்’ என்னும் தலைப்பிலோ அதுவும் இல்லை. படகு யாருடையது, அதன் தோலைத் தைத்தவர் யார், பெரியவர் ஒருவர் உடலுக்கு அளந்த படகில் சிறுவர்கள் அமர்ந்தார்களா என்பனவற்றையும் அத்தலைப்பு சொல்வதில்லை. தீவின் மெக்கோரியுக் ஊரில் இவ்வினாக்களை யாரேனும் இன்னும் கேட்கலாம்.