திருநாமமும் நமது பிரசங்கமும்

இஸ்ரவேலின் தேவனுக்குரிய திருநாமம் எபிரேயத் திருமறையில் ஏறத்தாழ 6,800 தடவை வருகிறது. யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு எழுத்துக்களாலாகிய இந்நாமத்தைக் குறித்து இன்று நம்மிடையே இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. அதனைச் சரிவர உச்சரிப்பதிலேயே ஆவிக்குரிய வல்லமை அடங்கியிருக்கிறது என்பர் ஒரு சாரார். ‘யேகோவாயீரே’, ‘யேகோவாநிசி’ முதலிய தொடர்களைத் தேவனுடைய பெயர்ப்பட்டியலாக வரிசைப்படுத்தி, பெயருக்கு ஓர் ஆசீர்வாதமாகப் பங்கிட்டுக் கொடுப்பர் மற்றொரு சாரார். பிந்திய போக்கு நம் பிரசங்க பீடங்களிலும் ஏறிவிட்டபடியால் அதனையே இங்குச் சற்று விரிவாக ஆராய விழைகிறோம்.

உச்சரிப்பைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். யூதர் பயபக்தியின் நிமித்தம் இந்நாமத்தை வாய்விட்டு வாசியாமல் ‘அதோனாய்’ என்று வாசிக்கலாயினர். பிரதான ஆசாரியர் பாவநிவாரண நாளில் அதனை உச்சரித்ததாக மிஷ்னாவின் யோமா என்னும் பகுதி கூறுகிறது. பிற்காலத்து மசோரெத்தியர் இந்நான்கு எழுத்துக்களோடு ‘அதோனாய்’ என்பதன் உயிர்க்குறிகளைச் சேர்த்தது, வாசிப்போனுக்கு வழக்கத்தை நினைவூட்டுவதற்கே. இதனை உணராத மேனாட்டார் மெய்யையும் உயிரையும் கூட்டி வாசித்தமையால் இடைக்காலத்தில் தோன்றிய வடிவமே ‘யேகோவா’. ‘யாவே’ என்பதே பழைய ஒலிப்பாயிருக்கலாம் என அறிஞருட் பலர் கொள்வர். எவ்வாறாயினும், நமக்குக் கிடைத்துள்ள புதிய ஏற்பாட்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் ஒன்றிலேனும் நான்கெழுத்து நாமம் இல்லை. ‘கூரியோஸ்’ என்னும் சொல்லே உண்டு. அச்சொல்லைக்கொண்டே அப்போஸ்தலிக்க சபை ஜெபித்தது, சாட்சி பகர்ந்தது, மரித்தது. ஒலிப்பில் பிழைபட்டோர் தேவனை அறியாதோர் என்பவர்கள் அந்தச் சபையை எங்கே வைப்பார்களோ அறியோம். மேலும், ‘அல்லேலூயா’ என்று பாடும்போதெல்லாம் அந்நாமத்தின் குறுகிய வடிவத்தை நாம் அறிந்தோ அறியாமலோ உச்சரித்துக்கொண்டேயிருக்கிறோம்.

நாமத்தின் பொருளைத் தேடுவோர் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்திற்கே வரவேண்டும். அங்கே மூலபாஷையில் ‘எஹ்யே’ என்னும் வினை முதலில் வருவது 14-ஆம் வசனத்தில் அன்று, 12-ஆம் வசனத்தில். பார்வோனிடத்திற்குப் போக நான் எம்மாத்திரம் என்று மோசே பின்வாங்குகையில், அவனோடு இருப்பதாகத் தேவன் வாக்களிக்கிறார்; அவ்வாக்கின் வினை ‘எஹ்யே’. நாமத்தைக் கேட்டபோது அருளப்பட்ட விடையிலும் அதே வினை மும்முறை வருகிறது. வாய் திக்குவதாக அவன் முறையிடும் நான்காம் அதிகாரத்திலும் (4:12, 15) அதுவே திரும்ப வருகிறது. ஆகவே 14-ஆம் வசனத்தை இவற்றினின்று பிரித்து வாசித்தலாகாது.

நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்போ 12-ஆம் வசனத்தில் எதிர்காலத்தையும் 14-ஆம் வசனத்தில் நிகழ்காலத்தையும் இட்டுள்ளது. எபிரேய வினைவடிவம் இரண்டிற்கும் இடந்தருவதேயாம்; எனினும் ஒரே சொல் இருவேறாகப் பெயர்க்கப்பட்டமையால், வாக்குத்தத்தமே நாமமாயிற்று என்பது தமிழ் வாசகரின் செவிக்கு எட்டவில்லை. ஓசியா 1:9-இல் நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது. அங்கே ‘எஹ்யே’ என்பதன்முன் எதிர்மறைச் சொல் ஒன்று நின்று, சீனாய்க்கு முன்னரே அருளப்பட்ட நாமத்தைத் தேவன் தம் ஜனத்தினிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதுபோல ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பில் அந்த நடுக்கம் காணப்படவில்லை.

இந்நிகழ்காலத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. செப்துவஜிந்த் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பு ‘ஹோ ஓன்’, அதாவது இருப்பவர் என்று பெயர்த்தது. பிதாக்களும் இடைக்கால இறையியலாரும் அதிலிருந்து தேவனைத் தூய இருப்பாகக் கண்டனர். நம் நாட்டு இறையியலாருக்கும் ‘சத்’ என்னும் தத்துவச் சொல்லோடு அதனை இணைத்துக் காண்பது கவர்ச்சியாயிருந்தது. இதில் உண்மையே இல்லை என்று கூறோம். ஆயினும் ‘ஹாயா’ என்னும் எபிரேய வினை வெறுமனே இருத்தலையன்று, நிகழ்தலையும் வந்து உடனிருத்தலையும் குறிப்பது. யூதப் பேரறிஞர் மோசே மெண்டல்சோன் திருநாமத்தை ஜெர்மானிய மொழியில் ‘நித்தியர்’ எனப் பெயர்த்ததை 1929-ஆம் ஆண்டில் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் கண்டித்ததும் இக்காரணத்தினாலேயே. எகிப்தின் செங்கற்சூளையில் நின்றவர்களுக்குத் தேவன் என்றென்றும் இருக்கிறாரா என்பதன்று கேள்வி. தங்களோடு இருப்பாரா என்பதே.

அதே விடையில் ஒரு மறுப்பும் அடங்கியுள்ளது. தெய்வத்தின் இரகசிய நாமத்தை அறிந்தவன் அத்தெய்வத்தை வசப்படுத்தலாம் என்பது எகிப்தியரின் எண்ணம். ஈசிஸ் தேவி தந்திரமாய் ரா என்னும் சூரியதெய்வத்தின் மறைபெயரை அறிந்துகொண்ட கதை அவர்களிடம் உண்டு. மோசேக்குக் கிடைத்த விடையோ, நான் எவ்வாறு இருப்பேனோ அவ்வாறே இருப்பேன் என்னும் போக்கினது. 33:19-இல், எவன்மேல் கிருபையாயிருக்கச் சித்தமோ அவன்மேல் கிருபையாயிருப்பதாகத் தேவன் கூறும் வாக்கியமும் இதே அமைப்புடையது. அவர் உடனிருப்பார், ஆனால் ஒருவர் கைக்கும் அடங்கார்.

இவ்வளவும் உணர்ந்தபின் நம் பெயர்ப்பட்டியலுக்கு வருவோம். ‘யேகோவாயீரே’ என்பது ஆதியாகமம் 22:14-இல் ஓர் இடத்திற்கு ஆபிரகாம் இட்ட பெயர். ‘யேகோவாநிசி’ என்பது யாத்திராகமம் 17:15-இல் மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். ‘யேகோவா ஷாலோம்’ ஒப்ராவிலே கிதியோன் கட்டிய பலிபீடத்தின் பெயர். எசேக்கியேல் 48:35-இல் வருவதோ நகரத்தின் பெயர். எரேமியா 23:6-இல் வருவது தாவீதின் குலத்தில் எழும்பும் ராஜாவுக்குரியது. 33:16-இலோ அதுவே எருசலேமுக்கு உரியதாகிறது. யாத்திராகமம் 15:26 பரிகாரியாகிய தேவனைக் கூறினும், அது பெயரிடுதலன்று. கீழ்ப்படிதலை நிபந்தனையாகக்கொண்ட வாக்கு. இவற்றுள் பெரும்பாலானவை தேவன் செய்ததை நினைவுகூர மனிதர் நாட்டிய சாட்சிகள். வரலாற்றைக் களைந்து பெயரை மட்டும் பறித்தெடுக்கும்போது சாட்சி மந்திரமாகிறது. வாகனங்களின் முகப்பிலும் கடைப் பலகைகளிலும் இவற்றைக் காண்கையில், விசுவாச அறிக்கை எது, காப்புக்கட்டு எது என்று பிரித்தறிவது நமக்கு எளிதாயில்லை.

களைந்தெறியப்பட்ட வரலாறோ எவ்வளவு கனமானது! மோரியாவிலே ‘பார்த்துக்கொள்வார்’ என்று சொன்னவன் கையில் நெருப்பும் கத்தியும் இருந்தன. (எபிரேயத்தில் இங்குள்ள வினை காண்பதைக் குறிப்பது, காண்பதையும் பேணுவதையும் ஒருங்கே உணர்த்தும் ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்னும் தமிழ்ச்சொல் இவ்விடத்தில் மூலத்திற்கு வெகு அணுக்கமாய் அமைந்தது நம் பாஷையின் பாக்கியம்.) கிதியோனின் சமாதானமும் அத்தகையதே. தேவதூதனைக் கண்டதால் சாவேன் என்று நடுங்கியவனுக்குச் சாகமாட்டாய் என்று சொல்லப்பட்டது. அந்த இராத்திரியிலேயே தன் தகப்பனுடைய பாகாலின் பலிபீடத்தைத் தகர்க்கும்படி கட்டளையும் பிறந்தது. இதைக் குடும்பச் சமாதானத்திற்கான பெயராக நாம் பிரசங்கித்தால், மறுநாட்காலையில் ஊரார் கிதியோனைக் கொல்லத் தேடியதை எவ்வாறு விளக்குவோம்?

‘கர்த்தர்’ என்னும் சொல்லை நீக்கி ‘யாவே’ என்றே வாசிக்கவேண்டும் என மாணவர் சிலர் கேட்பதுண்டு. வகுப்பறையில் அவ்வாறு வாசிப்பதில் தடையில்லை. வழிபாட்டிலோ நாம் அதனை விரும்போம். ரோமத் திருச்சபையும் 2008-ஆம் ஆண்டு அவ்வடிவத்தை வழிபாட்டில் வழங்கலாகாது என்று பணித்தது. யூதரின் மனம் நோகாதிருத்தல் ஒரு காரணம். அதனினும் முக்கியமானது, யோவேல் 2:32-ஐயும் ரோமர் 10:13-ஐயும் ஒரே சொல்லால் இணைக்கும் பாலம் இடிந்துவிடும் என்பது. திருநாமத்திற்குக் ‘கர்த்தர்’, அதோனாய்க்கு ‘ஆண்டவர்’, ஏலோகீமுக்குத் ‘தேவன்’ எனப் பழைய மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் பேணிய வேறுபாடு மெச்சத்தக்கது. ஏசாயா 45:23-இல் முழங்கால் யாவும் முடங்குவது திருநாமத்திற்குரியவருக்கே. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் அதனை இயேசுவுக்கு உரியதாக்கி, அவரைக் கர்த்தர் என்று நாவு யாவும் அறிக்கையிடச் சொல்கிறது.

நாமம் பரிசுத்தக் குலைச்சலாவது எதனால் என்பதற்கு எசேக்கியேல் 36-ஆம் அதிகாரம் விடை தருகிறது. உச்சரிப்பைப்பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இரத்தம் சிந்தி, நரகலான விக்கிரகங்களால் தேசத்தைத் தீட்டுப்படுத்திய ஜனம் சிதறடிக்கப்பட்டு, புறஜாதியார் நடுவே தேவனுடைய பெயருக்கு இழுக்காய் நின்றதே குற்றம். மூன்றாம் கற்பனையின் ‘ஷாவ்’ என்னும் சொல்லும் பொய்யையும் வெறுமையையும் ஒருங்கே சுட்டும். நம் சொந்தத் திட்டத்திற்கு ஆதரவு தேடித் திருநாமத்தைச் சான்றுக்கு அழைப்பது அதன் எல்லைக்குள் வருமா என்று போதகராகிய நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

1979-ஆம் ஆண்டு எருசலேமிலுள்ள கெத்தேப் ஹின்னோமில், பண்டைய கல்லறைக் குகையொன்றில், சுருட்டப்பட்ட இரு சிறு வெள்ளித் தகடுகள் கண்டெடுக்கப்பட்டன. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தவை என அறிஞர் பலர் மதிப்பிடும் அவற்றில் திருநாமமும், எண்ணாகமம் 6:24-26-இன் ஆசீர்வாதத்தை ஒத்த சொற்களும் பொறிக்கப்பட்டிருந்தன. எண்ணாகமத்தின் அப்பகுதியில் நாமம் மும்முறை வருகிறது. அடுத்த வசனத்தில், ஆசாரியர் அந்நாமத்தை இஸ்ரவேல் புத்திரர்மேல் வைப்பார்கள் என்றும், ஆசீர்வதிப்பவர் தாமே என்றும் தேவன் சொல்கிறார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் கைகளை உயர்த்தி நாம் கூறுவது அந்த ஆசீர்வாதத்தையே.