சாய்ந்த எழுத்தின் குரல்: ஃபியூச்சுராவும் பார்பரா குரூகரும்

பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் வெளிவந்த ஃபியூச்சுரா, வட்டம், நேர்கோடு ஆகிய வடிவியல் கூறுகளை அடிப்படையாகக் கொண்ட எழுத்துரு ஆகும். அதன் தடித்த சாய்வு வடிவம் கையெழுத்தின் வளைவுகளை ஏற்காமல், நேர்வடிவத்தையே வலப்புறம் சாய்க்கிறது. ஆகவே அதில் நளினத்தினும் உந்துதலே மிகுகிறது. இதழ் வடிவமைப்பாளராகப் பணியாற்றிய கலைஞர் பார்பரா குரூகர், விளம்பரத்துக்குரிய அவ்வுந்துதலைச் சிவப்புப் பட்டையில் வெள்ளெழுத்தாக்கி, பெண்ணுடல் மீதான அதிகாரத்தையும் நுகர்வுப் பண்பாட்டையும் வினவினார். 1994இல் தொடங்கப்பட்ட சுப்ரீம் ஆடை நிறுவனத்தின் இலச்சினையோ அதே தோற்றத்தை மீண்டும் விற்பனைக்கு உரியதாக்கியது. எனவே, எதிர்ப்புணர்வை எழுத்துருவின் இயல்பாகக் கருத இயலாது. சொல்லும் சூழலுமே அதனை உருவாக்குகின்றன. எழுத்துருவின் அரசியலை வாசிக்கும் ஆய்வுகள், வடிவத்தோடு அது தாங்கும் சொல்லையும் அது இடம்பெறும் களத்தையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.