அபிப்பிராயமும் விமர்சனமும்

எங்கள் கிளையில் வவுச்சர்களைத் தைத்து வைக்கும் தப்தரி ஒரு சினிமா ரசிகர். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்தில் படம் பார்ப்பார். மற்றதை வீட்டு டி.வி.யில். மறுநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தீர்ப்பு வரும். ‘இன்டர்வெல்லோட எழுந்து வந்திருக்கலாம் சார்.’ ‘அந்த சீரியல்ல மாமியாரைத் தவிர யாருக்கும் நடிக்கத் தெரியலை.’ காரணம் கேட்டால் சிரிப்பார்.

இதை நாம் விமர்சனமென்று ஒப்புக்கொள்வதில்லை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி. சு. செல்லப்பா அலசலை வற்புறுத்தினார். க. நா. சு. தன் ரஸனையை நம்பிப் பட்டியல் போட்டார். நான் செல்லப்பா கட்சி. அபிப்பிராயம் யாருக்கும் உண்டு, ஆதாரம் காட்டுகிறவனே விமர்சகன் என்று நம்பி வந்தவன்.

சென்ற மாதம் ‘மந்திரி குமாரி’ பற்றிப் பேச்சு வந்தது. 1950இல் வந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படம். எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கியது, குண்டலகேசிக் கதைக்கு மு. கருணாநிதியின் வசனம். சுந்தரம் 1935இல் நிறுவிய அந்த ஸ்டுடியோவில் இன்று எஞ்சியிருப்பது ஏற்காடு சாலையில் நிற்கும் நுழைவு வளைவுதான். மனைவியைத் தள்ளிக் கொல்ல எண்ணிக் கணவன் அவளை உச்சிக்கு அழைத்துப்போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டு எங்கள் மலையில்தான் எடுக்கப்பட்டது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். தப்தரி சொன்னார்:

‘பாட்டு வரைக்கும் மலை இருக்குது சார். வசனம் ஆரம்பிச்சதும் மலை காணாமப் போயிடுது.’

தமிழ் சினிமாவில் பேச்சு காட்சியை விழுங்கிவிட்டது என்று நான் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் இந்த மலை இல்லை.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடுகிறார். ஏன் காணாமல் போகிறது என்பது அவர் கேள்வியல்ல. அது மேடைக்குப் பழகிய வசனம். மேடையில் நடிகனுக்குப் பின்னால் இருப்பது படுதா. நிஜ மலையையும் அது படுதாவாக்கிவிடுகிறது. இதைச் சொல்ல விமர்சகன் வேண்டும். ஆனால் மலை மறைந்ததை முதலில் ஒருவன் உணர்ந்திருக்க வேண்டும்.

அவருக்கு ஓர் அபிமான நட்சத்திரம் உண்டு. அவர் படம் வந்தால், ‘எங்கிட்ட கேக்காதீங்க சார். எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்’ என்று ஒதுங்கிக்கொள்வார். இதை வெறும் ரசிகப் பித்து என்று சிரித்திருக்கிறேன்.

சென்ற இதழில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையை அவரிடம் காட்டினேன். மதிய இடைவேளையில் படித்துவிட்டுக் கேட்டார்: ‘இவர் உங்க சிநேகிதரா சார்?’

‘எப்படித் தெரிந்தது?’

‘புடிச்சிருக்கா இல்லையான்னு எங்கேயும் எழுதலியே.’

படிமங்களை எண்ணியிருந்தேன். மரபோடு ஒப்பிட்டிருந்தேன். ஆதாரம் ஏராளம். பாதிக்கு மேல் கவிதையே இல்லை என்று படித்த அன்றே எனக்குத் தோன்றியது மட்டும் அதில் இல்லை. அதை மறைக்கத்தான் அவ்வளவு அலசலும்.

நம் வட்டம் சிறியது. எழுதுகிறவர்களே படிக்கிறவர்கள், இன்று நான் எழுதும் தொகுப்பின் ஆசிரியர் நாளை என் தொகுப்புக்கு எழுதுவார். யார் விஷயத்தில் தன்னைக் கேட்கக்கூடாது என்று தப்தரிக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவும் சொல்கிறார். நம்மில் அப்படிச் சொன்னவர் யார்?

அந்தத் தொகுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. காரணங்களை அடுத்த இதழில் எழுதுகிறேன். நண்பர் இந்த இதழையும் படிப்பார்.